நீர்க்காகத்தின் சிறகோரம்

இப்போது கதைக்காதீர்கள் மச்சான். இந்த ஒரு தடவை மட்டும். நீங்கள் சிரித்தால் பலகை ஆடும், பலகை ஆடினால் கமெரா ஆடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது திரும்பிப் பார்த்துவிட்டுப் பறந்துபோனால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

ரபீக்கா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் தன்னுடைய மூச்சே கமெராவை அசைத்துவிடும் என்று பயந்தாள். கிண்ணியாத் துறையடியில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பாதை என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தட்டைப் படகு, ஒரு லொறியை ஏற்றிக்கொண்டு அக்கரையில் இன்னும் புறப்படாமல் நின்றது. இக்கரையில் காத்திருந்தவர்களுக்கு நடுவில் அவளுடைய கணவர் மஹ்ரூப் இறங்குதுறைப் பலகையில் குந்தியிருந்து, கடையில் பாண் வாங்க நிற்கும் வரிசையைப் பற்றி ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீருக்குள் சரிந்து நின்ற பட்ட கண்டல் மரத்தில் அந்த நீர்க்காகம் இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கறுப்பு. அவ்வளவுதான். இவ்வளவு கிட்டத்தில், வானம் இந்த அளவுக்கு மங்கியிருக்கும்போது மட்டும், அந்தக் கறுப்புக்குள் வேறொன்று எழும்பி வரும். முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள், ஒவ்வொன்றுக்கும் இன்னும் கறுத்த ஒரு விளிம்பு, கழுத்தில் ஈரத்தின் மினுக்கம். வெயிலில் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. வெயில் அதன்மேல் வெள்ளையை அப்பிவிடும்.

வெளிச்சம் அளக்கும் கருவியின் முள் அசையவேயில்லை. அவள் அதைக் கைப்பைக்குள் போட்டாள். மணப்பெண்களின் அறைகளில் பழகிய கண் இருக்கிறதே, அது போதும். றஹ்மா என்ற பெண்ணின் கலியாணத்துக்காகக் காலையிலிருந்து கிண்ணியாவில் நின்று எடுத்ததில், சுருளில் மிஞ்சியது இரண்டு படம். ஒன்றை எடுத்தாள். பறவை சிறகை ஒடுக்கி, பக்கவாட்டில் எதையோ நினைத்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பிலிமைச் சுற்றும்போது கமெராவின் பின்பக்கத்துச் சிவப்புக் கண்ணாடியில் இலக்கம் தெரியவில்லை. றஹ்மாவின் கடைசிப் படத்துக்குப் பிறகும் அவசரத்தில் கைக்கணக்கில்தான் சுற்றியிருந்தாள். இப்போதும் அப்படியே சுற்றினாள்.

அந்த நேரத்தில் அது சிறகை விரித்தது. முழுவதும் அல்ல, பாதி. ஈரம் உலர்த்தும்போது நீர்க்காகம் சிறகை விரித்து நிற்பதை இந்த ஊரில் யாரும் புதினமாகப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சிறகின் ஓரம் நடுங்கிக்கொண்டிருந்ததை ரபீக்கா அன்றுதான் கண்டாள். குளிரில் நடுங்குவதுபோல் அல்ல. உள்ளே மூச்சு ஓடுவது வெளியே தெரிவதுபோல.

பின்னால் பேச்சு நின்றிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனாலும் தெரிந்தது. மஹ்ரூப் பகிடியைப் பாதியில் விட்டுவிட்டு, பலகையில் கால் வைக்க வந்த ஒருவரை அண்ணன் முறை வைத்துக் கையை நீட்டி மறித்திருந்தார். "கொஞ்சம் பொறுங்க காக்கா. வீட்டுக்காரி வேலை செய்யிறா."

அவள் விசையை அழுத்தினாள். அந்த நீளமான, மெதுவான ஒலி. பிறகுதான் மூச்சு விட்டாள்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சி."

"ஒரு காகத்துக்கு இவ்வளவு மரியாதை. என்னய நீ ஒரு நாளும் இப்பிடி மூச்சப் புடிச்சிப் பார்த்ததில்ல புள்ள."

"நீங்க ஒரு இடத்துல சும்மா இருந்தாத்தானே மச்சான்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவர் மஹ்ரூப்தான்.

திருகோணமலை நகரத்தில் மஹ்ரூபின் ஸ்டூடியோ இருந்தது. முன்பக்கம் படம் எடுக்கும் இடம், பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் நடுவில் இருட்டறை. முஸ்லிம் வீடுகளில் மணப்பெண்ணைப் படமெடுக்க ஆண்பிள்ளை உள்ளே போக முடியாது. அதனால் கலியாணமான புதிதிலேயே அவர் அவளுடைய கையில் கமெராவைக் கொடுத்துவிட்டார். அவள் உள்ளே போவாள், அவர் வெளியே ஆண்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டு, கமெராப் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருவார். அந்தச் சுருள்களைக் கழுவுவதும் அவள்தான். அவள் உள்ளே இருக்கும்போது அவர் இருட்டறைக் கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டு உட்கார்ந்து காவல் காப்பார். பெண்களின் நெகட்டிவ் எல்லாம் ஒரு பிஸ்கற் பேணிக்குள் இருக்கும். அதை அவர் திறந்ததே கிடையாது. "ஆர்ர பொண்டாட்டியோ, ஆர்ர புள்ளையோ. நான் என்னத்துக்குப் பார்க்கிற?" என்பார்.

அதனால் ஒன்று நடந்தது. ஸ்டூடியோவுக்கு வருகிற எல்லோருடைய முகத்திலும் மஹ்ரூபின் பென்சில் பட்டது. நெகட்டிவைக் கண்ணாடிச் சட்டத்தில் சாய்த்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் கன்னத்திலும் நெற்றியிலும் புள்ளிபுள்ளியாக வைப்பார். நெகட்டிவில் வைத்த கறுப்பு, படத்தில் வெள்ளையாக வரும். அம்மைத்தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே கருவளையம் போகும், நிறம் இரண்டு படி ஏறும். ஓரம் அசைந்திருந்தால் சின்னக் கத்தியால் சீவி நேராக்குவார். இந்த நகரத்தில் அவரைப்போல அதைச் செய்ய ஆள் கிடையாது. ஆனால் ரபீக்கா எடுத்த பெண்களின்மேல் அந்தப் பென்சில் படவேயில்லை. அவர்கள் தங்கள் நிறத்தில், தங்கள் களைப்போடு, மூக்குத்திக்கு மேலே வியர்த்தபடி இருந்தார்கள். ஒரு சிலர் குறைப்பட்டார்கள். பலர் படத்தை நெடுநேரம் பார்த்தார்கள்.

அவளுடைய முகத்திலும் அவர் பென்சில் வைத்திருக்கிறார். அது கலியாணத்துக்கு முந்தின கதை. சம்பந்தம் பேச வேண்டும் என்று வாப்பா அவளை இதே ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து படம் எடுப்பித்தார். எடுத்தவர் மஹ்ரூபின் மாமா. பென்சில் வேலை செய்தவர் மஹ்ரூப். படம் எங்கெங்கோ போய்விட்டுக் கடைசியில் மஹ்ரூபின் வீட்டுக்கே வந்துசேர்ந்தது. கலியாணத்தன்று மஹ்ரூபின் தாயான மாமி அவளைப் பார்த்துவிட்டு, "படத்துல வந்தவ ஒருத்தி, வீட்டுக்கு வந்தவ ஒருத்தி" என்றாள். மஹ்ரூப் உடனே, "நல்லம்தானே உம்மா, ஒரு செலவுல ரெண்டு பொஞ்சாதி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. ஆனாலும் அந்த மற்றவள் யார் என்று இடைக்கிடை நினைத்துக்கொள்வாள். பொறாமை என்று சொல்ல முடியாது. தன்னுடைய உடுப்பை யாரோ போட்டுக்கொண்டு போவதைத் தெருவில் கண்டதுபோல ஒரு உணர்வு.

பறவைகளை எடுக்கத் தொடங்கியது எப்போது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. மூதூருக்குப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்சிலும் கிண்ணியாப் பாதையிலும் போய்வந்த நாட்களில், சுருளின் கடைசியில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் தொடங்கியது அது. பிலிம் கிடைப்பதே அரிதான காலம். அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்தது, பளிச்சென்று எரியும் பல்பு கண்ணில் காண முடியாது. முதலில் எடுத்த நீர்க்காகங்கள் தாளில் ஒட்டிய கரித்துண்டுகள்போல வந்தன. பிறகு கூடுதலாக வெளிச்சம் கொடுத்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் வந்தன. "இது எந்த ஊர்க் கோழி புள்ள?" என்று மஹ்ரூப் கேட்டார். கறுப்பைக் கறுப்பாகவே வைத்துக்கொண்டு அதற்குள் இருப்பதைக் காட்ட வேண்டும். சொல்வதற்கு எளிது. நெகட்டிவில் அது கண்ணாடிபோல மெல்லியதாக இருக்கும் இடம். அங்கே ஒன்றும் பதியாவிட்டால் பிறகு எந்த வித்தையாலும் கொண்டுவர முடியாது.

கிண்ணியாவிலிருந்து வந்த அந்தச் சுருளை அவள் வழக்கத்தைவிட நீர்த்த மருந்தில் மெதுவாகக் கழுவினாள். காய்ந்த பிறகு யன்னலில் பிடித்துப் பார்த்தாள். இருந்தது. மெல்லிய பாகத்துக்குள், பனிமூட்டத்தில் கோலம் போட்டதுபோல, ஒவ்வொரு இறகும் இருந்தது. இரண்டாவது படத்தில் சிறகின் ஓரம் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தைப் பார்த்துத்தான் அவளுக்குக் கண் நிறைந்தது. அது அசைந்தது அல்ல. அது உயிரோடு இருந்தது.

முதலாவது படத்தைப் பிரிக்க முடியவில்லை. கைக்கணக்கில் சுற்றியதால் அதன் ஓரம் றஹ்மாவின் மருதாணிக் கையின்மேல் ஏறியிருந்தது. அதை அப்படியே பேணிக்குள் வைத்தாள். இரண்டாவதை வெட்டியெடுத்துப் பெரிதாக்கும் கருவியில் பொருத்தினாள். ஆனால் தாள் இல்லை. தாள் வரட்டும் என்று இருந்தபோது, தோப்பூரில் தங்கைக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்தது. அவள் லோஞ்சில் மூதூருக்குப் போய், அங்கிருந்து தோப்பூருக்குப் போனாள்.

திரும்பி வந்த அன்று மஹ்ரூப் இறங்குதுறைக்கே வந்துவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு, பிறந்த பிள்ளையைப் பற்றிக்கூடக் கேட்காமல், "கெதியா வா, ஒண்டு காட்டணும்" என்றார். ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள், மணமக்களுக்கும் அடையாள அட்டை முகங்களுக்கும் நடுவில், தேக்குச் சட்டம் போட்ட பெரிய படம். நீர்க்காகம்.

"கொழும்பில இருந்து தாள் எடுப்பிச்சன். நாலு இரவா அதிலதான் இருந்தன் புள்ள. கண் நோவெடுத்துப் போச்சி. எப்பிடி?"

அவள் கிட்டே போனாள். வடிவான பறவை. முதுகுச் செதில்கள் ஒவ்வொன்றும் வெள்ளிக்காசுபோல மினுங்கின. கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஸ்டூடியோவில் பிள்ளைகளின் கண்ணில் வைக்கிற அதே புள்ளி. சிறகின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல நேராக இருந்தது.

"ஓரத்துல ஒரு நடுக்கம் இருந்திச்சே மச்சான்."

"ஓம், அசைஞ்சிருந்திச்சி. கத்தியால சீவி எடுத்திட்டன். தெரியுதா பாரு, தெரியாதே?"

"தெரியல்ல," என்றாள். அது உண்மை. அவருடைய கை அவ்வளவு சுத்தமான கை. பென்சிலைத் துடைத்துவிடலாம். சீவியதை ஒட்ட முடியாது.

அவர் முகம் விளக்குப்போல இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் அவளால் வேறு என்ன சொல்ல முடியும்? சட்டத்தின் அடியில் சின்ன எழுத்தில் அவளுடைய பெயரை எழுதியிருந்தார். தன்னுடைய பெயரை எழுதவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. களவெடுத்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். இவர் தன் கண்ணை நோகப்பண்ணி, அவளுடைய நீர்க்காகத்தை மணப்பெண் ஆக்கி, அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்குப் பிறகு ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் நின்றார்கள். அவள் அதைக் கடந்து போகும்போது மற்றப் பக்கம் பார்க்கப் பழகிக்கொண்டாள். ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒரு பறவை. இந்தக் கரை முழுவதும் ஆயிரம் பறவை இருக்கிறது. ஆனால் அந்தப் பறவையை அந்த வெளிச்சத்தில் கண்டவள் தான் ஒருத்திதான். கண்டதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த நடுக்கம். இனித் தான் சொன்னால்கூட யாரும் நம்பப்போவதில்லை. கொஞ்ச நாளில் தானே நம்பாமல் போய்விடுவேனோ என்றுதான் பயமாக இருந்தது.

யோகலிங்கம் வந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். துறைமுகக் கந்தோரில் வேலை செய்கிறவர், மஹ்ரூபின் பழைய கூட்டாளி. கழுத்தில் தூரக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு குளம் குளமாகத் திரிகிற மனிதர். கண்ணாடிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தியவர் உள்ளே வர நெடுநேரம் பிடித்தது.

"மஹ்ரூப் நானா, இது உங்கட கை இல்ல."

"ஏன், எனக்கு ஏலாதா?"

"உங்களுக்கு ஏலும். ஆனா நீங்க காகத்தையும் சிரி எண்டு சொல்லியிருப்பீங்க." அவர் ரபீக்காவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கொழும்பில எங்கட பறவைச் சங்கம் ஒரு கண்காட்சி வைக்குது. எல்லாரும் கொக்கும் மயிலும்தான் குடுக்கிறாங்கள். கறுப்புப் பறவையை ஒருத்தரும் தொடுறதில்ல, எடுக்க ஏலாது எண்டு. இத நான் கொண்டுபோறன். ஆனா ஒரு ஆள் ரெண்டு படம் குடுக்கவேணும். சோடியா. இது மாதிரி இன்னொண்டு இருக்கே?"

"இருக்கு," என்றார் மஹ்ரூப். அவள் வாய் திறப்பதற்கு முன்னமே. "ரெண்டு எடுத்தவ. நான் பக்கத்துல நிண்டனான். மற்றது பேணிக்குள்ள கிடக்கும்."

"அப்ப அடுத்த கிழமை வாறன். தங்கச்சி, உங்கட பேர் கொழும்பில சுவரில தொங்கப்போகுது." தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

தன்னுடைய பெயர் ஒரு சுவரில். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. குசினியில் நின்று கோப்பைகளைக் கழுவும்போது, அந்த மண்டபம் எப்படி இருக்கும், யார் யார் நின்று பார்ப்பார்கள் என்று யோசித்தாள். யாராவது ஒரு பெண் கிட்டே வந்து உற்றுப் பார்ப்பாள். பார்த்து, வெள்ளிக்காசு மினுங்கும் ஒரு பறவையைக் காண்பாள். இவ்வளவு வடிவாக இருக்கிறதே என்பாள். அந்த இடத்தில் அவளுடைய யோசனை நின்றுபோனது.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு இருட்டறைக்குள் போனாள். மஹ்ரூப் வழக்கம்போல வெளியே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கதவுக்குள்ளால் கேட்டது. பேணியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, றஹ்மாவின் கை வரும் பக்கத்தைக் கறுப்புக் கடதாசியால் மறைத்து, மிஞ்சியிருந்த தாளில் ஒன்றை வைத்தாள். வெளிச்சத்தை விட்டாள். போதும் என்று பழக்கம் சொன்ன இடத்தில் நிறுத்தவில்லை. இன்னும் விட்டாள்.

சிவப்பு வெளிச்சத்தில், தட்டின் மருந்துக்கு அடியில், முதலில் வானம் வரவில்லை, பறவை வந்தது. கறுப்பாக வந்தது. பழுதாய்ப் போயிற்று என்று நினைத்தாள். பிறகு கழுவிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கண் பழகும்வரை நின்றாள். அவசரப்படுகிறவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. நின்று பார்த்தால் ஒவ்வொன்றாக வந்தன. செதில், விளிம்பு, கழுத்து, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த அந்தக் கண். ஒடுக்கிய சிறகு. கிண்ணியாவில், மாலைத் தொழுகைக்கு வாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால், தான் நின்ற அந்த இடம்.

கதவைத் திறந்து ஈரத்தாளை அவரிடம் நீட்டினாள். மஹ்ரூப் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். முணுமுணுப்பு நின்றுவிட்டது.

"இருட்டாக் கிடக்கு புள்ள."

அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பகிடி சொல்லாமல் அவர் ஒரு படத்தை இவ்வளவு நேரம் பார்த்து அவள் கண்டதில்லை.

"கண் இருக்கு," என்றார்.

"ஓம்."

"கழுத்துலயும் என்னமோ இருக்கு. முதல்ல நான் காணல்ல."

"மெல்லத்தான் தெரியும்."

"அதுதான் புள்ள சொல்றன். மெல்லப் பார்க்க ஆருக்கு நேரம்? சனம் நடந்துகொண்டே பார்க்கும். கறுப்புக் கடதாசிக்குச் சட்டம் போட்டிருக்கு எண்டு நினைச்சிக்கிட்டுப் போயிடும். அதோட மற்றதுக்குப் பக்கத்துல இது சோடி சேராது." அவர் தாளைப் பத்திரமாகக் கதிரையில் விரித்துவிட்டு, அவளுக்கு முன்னால் வந்து நின்றார். குரலைத் தணித்தார். "அதுல நான் சீவினது உனக்குப் புடிக்கல்ல. எனக்குத் தெரியும். வந்த அண்டைக்கே முகத்துல கண்டன். கேக்கத்தான் பயமா இருந்திச்சி."

ரபீக்கா நிமிர்ந்து பார்த்தாள். மருந்துக் கறை பிடித்த கட்டைவிரலால் அவர் தன் தாடியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அவரை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தெருக்கதவு திறந்து கிடந்தது.

"இதுல கத்தி எடுக்க மாட்டன்," என்றார். "சத்தியமா. பென்சில் மட்டும். கழுத்துல ரெண்டு, முதுகுல கொஞ்சம். நீ பக்கத்துல இருந்து சொல்லு, நிப்பாட்டெண்டா நிப்பாட்டுறன். உன்ட பேர் அங்க தொங்கிறதப் பார்க்கணும் புள்ள எனக்கு. ரெண்டு படம் இல்லாட்டி எடுக்க மாட்டாங்க. றஹ்மாட படம் ஒட்டிக்கிடந்தா அத வெட்டிட்டு நெகட்டிவத் தா."

கையை நீட்டினார்.

அவர் சொன்னதைச் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் இருத்தி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அவளைக் கேட்டுக் கேட்டு, மெதுவாக, அன்பாகத்தான் வைப்பார். அவளும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுவாள். கடைசியில் எந்தப் புள்ளியில் அது வேறு பறவையானது என்று இருவருக்குமே தெரியாது.

"இல்ல மச்சான்," என்றாள்.

"கொழும்பு?"

"போகாட்டிப் போகட்டும்."

"அப்ப இத ஆரு பார்க்கிற?"

"நீங்க பார்த்தீங்கதானே இப்ப."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது, கேட்பதற்கு இன்னும் ஏதோ இருப்பதுபோல.

"ஒரே ஒரு புள்ளி, புள்ள. கண்ணுல மட்டும்."

"இல்ல," என்றாள் ரபீக்கா, முன்னதைவிட மெதுவாக.